அடியும் அணியும்

அடி, அணி என்னும் இவ்விரு சொற்களையும் கேட்ட அளவிலே, தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எம்மனோர்க்கு யாப்பருங்கலக் காரிகையும் தண்டியலங்காரமுமே முதற்கண் நினைவிற்கு வரும். ஈண்டு யான் எழுதப் புகுந்தது அவ்வடியும் அவ்வணியும் பற்றியன்று. மக்கள் உடம்பு முழுவதையும் தாங்கி நிற்கும் காலடியையும், அக்காலடிக்கு நாகரிகம் பூட்டிய ஓர் அணியையும் பற்றியதே இக்கட்டுரை. அவ்வணியாவது குதி உயர்ந்த செருப்பு. பாட்டின் அடிக்கும் அணிக்கும் உள்ள இயைபு இக்காலடிக்கும் அதன் அணிக்கும் உண்டோ இல்லையோ என்பதை இறுதியிற் காண்போம்.

"செருப்பும் ஓர் ஆராய்ச்சிப் பொருளாமோ?" என்று வகுப்பு நண்பர் சிலர் நகைத்தனர். அவர்கட்கு விடையாக, எம் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். என் தமக்கையார் பட்டப்படிப்பு முடித்தவுடன் எங்கள் நகரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றின் வரவேற்பு மேடையில் வேலைக்கு அமர்ந்தார். நாள்தோறும் ஒன்பது மணி நேரம் நிற்றல் வேண்டும். அங்ஙனம் நிற்பதும் இரண்டரை அங்குலக் குதியின்மேல் நிற்றல் வேண்டும் என்பது அவ்விடத்து விதி. மாலையில் வீடு திரும்பியதும், வாயிற்படியிலேயே செருப்பைக் கழற்றிக் கையிற் பிடித்துக்கொண்டு, சுவரைப் பற்றியபடி உள்ளே வருவார். எம் அன்னையார் வெந்நீரில் உப்பிட்டு வாளியை ஆயத்தமாக வைத்திருப்பார். சுண்டுவிரலிற் கொப்புளம், குதிகாலில் தோலுரிவு, கெண்டைக்காலில் இரவெல்லாம் குடைச்சல். எட்டாம் மாதத்தில், தட்டையான கருஞ்செருப்பு அணிந்துகொள்ள இசைவு தருமாறு மேலாளரை வேண்டினார். "தோற்றம் கெடும்" என்னும் இரண்டு சொற்களே விடையாக வந்தன. கெடுவது தோற்றமோ காலோ என்னும் வினா அன்று என் உள்ளத்தில் எழுந்தது. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பெயர்

செருப்பு நம் நாட்டிற்குப் புதிதன்று. காலிற் பூணும் தோலைத் 'தொடுதோல்' என்று சங்கச் சான்றோர் வழங்கினர். பூழி நாட்டு மலையொன்றுக்குச் 'செருப்பு' என்றே பெயர் இருந்தமையால், காலால் மிதிக்கப்படாத செருப்பு என்று அதனை வேறுபிரித்து ஓதும் இடமொன்று பதிற்றுப்பத்தில் உண்டு. மிதியடி, பாதக்குறடு, பாதுகை எனப் பிற பெயர்களும் பின்னர் வழங்கின. ஆயின், குதிப்பக்கம் மட்டும் தனியே உயர்ந்து, விரற்பக்கம் தாழ்ந்து சரியும் அமைப்பு நம் பழைய செருப்புகளில் இல்லை. அஃது அயல்நாட்டினின்று வந்தது. ஆதலின் அதற்கு நம்மவரும் 'ஹை ஹீல்ஸ்' என்னும் அயற்பெயரையே வழங்குகின்றனர். யான் இக்கட்டுரையில் அதனைக் 'குதியுயர் செருப்பு' என்று குறிப்பேன். 'உயர் செருப்பு' என்பது உயர்ந்த, உயர்கின்ற, உயரும் என முக்காலமும் கரந்து நிற்கும் வினைத்தொகையாம். அதன் குதியும் மூன்று காலத்தும் உயர்ந்துகொண்டே இருத்தலின், இப்பெயர் பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

குதிரையும் குதியும்

இக்காலத்தில் இச்செருப்பைப் பெண்டிர்க்கே உரியதாகக் கருதுகிறோம். வரலாறு இதற்கு மாறாக உரைக்கின்றது. இது முதலில் ஆடவர் அணிந்தது. அவருள்ளும் குதிரைமேல் இவர்ந்து போர் செய்த மறவர் அணிந்தது. பாரசீக நாட்டுக் குதிரை வீரர், ஓடும் குதிரையின்மேல் அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து நின்று அம்பெய்யும் ஆற்றல் உடையவர். அவ்வாறு எழுந்து நிற்கையில் அங்கவடியினின்று கால் முன்னோக்கி வழுக்கிவிடாதவாறு தடுப்பதற்கு, செருப்பின் பின்புறத்தே ஒரு கட்டை வேண்டியிருந்தது. அக்கட்டையே குதியின் பிறப்பு. நடப்பதற்கன்று, நடவாமல் ஊர்வதற்கே அது செய்யப்பட்டது என்பதை நண்பர்கள் உளங்கொள்ளுதல் வேண்டும். பின்னர் விளைந்த இடர்கள் யாவும் ஊர்வோன் அணியை நடப்போர் அணிந்தமையால் விளைந்தனவே.

1588 முதல் 1629 வரை பாரசீகத்தை ஆண்ட ஷா அப்பாஸ் என்னும் பேரரசர், துருக்கியரை எதிர்க்கத் துணை வேண்டி, 1599-ஆம் ஆண்டில் ஐரோப்பிய அரசவைகட்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். அக்காலத்தே பாரசீகப் பொருள்கள்மேல் ஐரோப்பியர்க்குப் பெருவிருப்பம் உண்டாயிற்று. அவற்றோடு குதியுயர் செருப்பும் மேலைநாட்டுப் பிரபுக்களின் காலைப் பற்றிக்கொண்டது. குதிரை வீரனின் ஆண்மையும் மிடுக்கும் அச்செருப்பிற் பொருந்தியிருப்பதாக அவர்கள் கருதினர். கீழ்நிலையினர் அதனைப் பார்த்து அணியத் தொடங்கவே, மேல்நிலையினர் தம் குதியை இன்னும் உயர்த்தினர். பிறர் எட்டிப் பிடிக்கும்தோறும் ஓடிக்கொண்டே இருப்பது நாகரிகத்தின் இயல்பு அன்றோ? பதினேழாம் நூற்றாண்டிற் பெண்டிரும் ஆடவர் உடையின் கூறுகள் சிலவற்றை மேற்கொண்டனர். அவற்றுள் குதியும் ஒன்று.

வெனிஸ் நகரத்து மாதர்

நிற்க. குதி ஐரோப்பாவை அடைவதற்கு முன்னரே, இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்தில் வேறொரு வகை உயர் செருப்பு வழங்கிவந்தது. 'சோப்பின்' எனப்படும் அது குதி மட்டும் உயர்ந்ததன்று. அடி முழுதும் கட்டைபோல் உயர்ந்தது. அரை மீட்டர் அளவு உயரமுடையனவும் எஞ்சி நின்று இன்றும் காட்சிச்சாலையில் உள்ளன. அதனை அணிந்த செல்வ மாதர், இருபுறமும் பணிப்பெண்டிர் தாங்க, அவர்தம் தோள்களைப் பற்றியே தெருவில் நடந்தனர். செருப்பு நீண்ட பாவாடைக்குள் மறைந்திருக்கும்; அதன் உயரத்திற்கு ஏற்பப் பாவாடையின் துணியும் மிகும். விலையுயர்ந்த துணி மிகுதியாகத் தோன்ற வேண்டும் என்பதே அவ்வுயரத்தின் பயன் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர்.

தாமஸ் கோரியட் என்னும் ஆங்கில வழிப்போக்கர் 1608-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரைக் கண்டு, 1611-இல் தம் பயண நூலை வெளியிட்டார். சிறு கற்பாலம் ஒன்றன் படியில் இச்செருப்புடன் இறங்கிய பெண்ணொருத்தி வீழ்ந்ததைத் தாம் நேரிற் பார்த்ததாக அவர் எழுதியுள்ளார். ஆங்கில இலக்கிய வகுப்பில் 'ஹாம்லெட்' நாடகம் பயிலும் நண்பர்களும், நாடகக் குழுவினரை இளவரசன் வரவேற்கும் இடத்தில் இச்செருப்பின் உயரம் நகைச்சுவையாகப் பேசப்படுவதை அறிவர். வீழ்ச்சியும் நகைப்பும் நானூறு ஆண்டுகட்கு முன்னரே இவ்வணியோடு உடன்பிறந்தன.

செங்குதி மன்னர்

குதியின் புகழ் உச்சம் அடைந்தது பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் காலத்தில். 1701-ஆம் ஆண்டில் இயாசிந்த் ரீகோ என்னும் ஓவியர் தீட்டிய அம்மன்னரின் உருவப்படத்தை நம்மிற் பலர் வரலாற்று நூல்களிற் கண்டிருப்போம். முடிசூட்டு மேலாடையை ஒதுக்கி, வெண்பட்டுக் காலுறை அணிந்த காலை முன்னே நீட்டி நிற்கும் அப்பெருமகனாரின் செருப்புக் குதி செக்கச் சிவந்திருக்கும். அரசவையில் இடம்பெற்ற உயர்குடியினரே அவ்வாறு செங்குதி அணிதற்குரியர். சேற்றில் இறங்க வேண்டாதவன், ஏர் பிடிக்க வேண்டாதவன், சுமை தூக்க வேண்டாதவன் யான் என்று வாய் திறவாமலே பறை சாற்றுவது அக்குதி.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பகுத்தறிவும் பயனுமே ஆடவர்க்கு அழகு என்னும் எண்ணம் ஐரோப்பாவிற் பரவிற்று. ஆடவர் பட்டையும் சரிகையையும் துறந்தவாறே குதியையும் துறந்தனர். குதிரை ஊர்வோரின் பூட்ஸில் மட்டும் அது தன் பழைய தொழிலோடு எஞ்சியது. அமெரிக்க மாடு மேய்ப்போரின் பூட்ஸில் இன்றும் அதனைக் காணலாம். பயனற்ற பகட்டு பெண்டிர்க்கு உரியதென விடப்பட்டது. 1789-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின், பிரபுக்களின் அடையாளம் என்று கருதப்பட்டமையால், பெண்டிர் காலிலும் குதி தாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மீண்டும் எழுந்தபோது முற்றிலும் மகளிர் அணியாகிவிட்டது.

இதன் உட்பொருளை நன்கு விளக்கியவர் தார்ஸ்டைன் வெப்ளன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர். 1899-இல் அவர் வெளியிட்ட ஓய்வு வகுப்பினரைப் பற்றிய நூலில், உயர்குதி அணிந்தவளால் எளிய கைவேலையும் செய்தல் அரிது. செய்ய வேண்டாத செல்வ நிலையில் அவள் குடும்பம் உள்ளது என்பதற்கு அதுவே சான்றாகிறது என்னும் கருத்தை நிறுவினார். இடர் தருவதே மதிப்புத் தருவதாயிற்று என்பது அவர் கண்ட உண்மை. சீன நாட்டிற் சிறுமியரின் கால்களை இறுகக் கட்டி, வளரவொட்டாமற் சிதைத்த கொடிய வழக்கத்தையும் இதனோடு ஒப்புநோக்குக. 1912-இல் அமைந்த குடியரசு அதனைத் தடை செய்தது. கட்டிய கால் மீளாது, செருப்போ கழற்றக் கூடியது. ஆதலின் இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் நடக்க இயலாமையே அழகு என்னும் எண்ணம் இரண்டற்கும் பொது.

எஃகு தந்த கூர்மை

மரத்தாற் செய்த குதி ஓரளவுக்குமேல் மெலிந்தால் முறியும். ஆதலின் நெடுங்காலம் குதி பருத்தே இருந்தது. இருபதாம் நூற்றாண்டுப் பொறியியல் இத்தடையை நீக்கிற்று. இத்தாலியச் செருப்புக் கலைஞர் சால்வதோரே பெர்ரகாமோ, அமெரிக்காவில் வாழ்ந்த நாளில், செருப்பு ஏன் வருத்துகின்றது என்பதை அறியும்பொருட்டு உடற்கூற்றியலே பயின்றவர். பாதத்தின் நடுவளைவுக்கு எஃகுத் தகடு தாங்கலாதல் வேண்டும் என்று அவர் கண்டார். 1935-இல் இத்தாலி எத்தியோப்பியாவின்மேற் படையெடுத்தது. அதன்பொருட்டு உலக நாடுகள் சங்கம் விதித்த தடைகளால் நல்லெஃகு கிடைத்தல் அரிதாயிற்று. அவர் சார்தீனியத் தீவின் தக்கையைக் கொண்டு குதிக்கும் முன்பாதத்துக்கும் இடைவெளியின்றி நிரப்பிய ஆப்பு வடிவச் செருப்பைச் செய்தார். வறுமையிற் பிறந்த அவ்வடிவமே கால்கட்கு ஓரளவு இரக்கம் உடையதாயிற்று என்பது வியப்பன்றோ?

போர் முடிந்து எஃகு மீண்டும் கிடைத்த காலையில், அவ்விரக்கம் மறைந்தது. 1950-ஐ அடுத்த ஆண்டுகளில், குதியின் உள்ளே எஃகுக் கம்பி செருகப்பட்டது. எழுதுகோலினும் மெலிந்த குதி மூன்று நான்கு அங்குலம் உயர்ந்து நின்றது. அதன் பெயர் 'ஸ்டிலெட்டோ'. இத்தாலிய மொழியிற் சிறு குத்துவாள் என்பது பொருள். பாரிஸ் நகரத்து ரோஜர் விவியே, முற்கூறிய பெர்ரகாமோ, பெருஜியா முதலியோர் இதனை வளர்த்த கலைஞருள் தலையாயினோர்.

பெயருக்கேற்ற வன்மை அதற்கு உண்டு என்பதை ஓர் எளிய கணக்காற் காட்டுவேன். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணொருத்தி, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள குதியை ஊன்றுகிறாள் எனக் கொள்வோம். உடலெடையிற் பாதியே அக்குதியின்மேல் விழுந்தாலும், அச்சிறு பரப்பில் இருபத்தைந்து கிலோ அழுத்தம் பொருந்தும். நாலாயிரம் கிலோ எடையுள்ள யானையோவெனில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள நான்கு கால்களில் நிற்றலின், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவே அழுத்துகின்றது. எனவே மெல்லியலாள் ஒருத்தியின் குதி யானையின் காலினும் இருபத்தைந்து மடங்கு வன்மையுடன் தரையைத் துளைக்கும். கிரேக்க நாட்டார் தம் பழம்பெருஞ் சின்னங்களின் பளிங்குத் தளங்களைக் காத்தற்பொருட்டு, 2009-இல் இச்செருப்புகளை அங்கே விலக்கியது இக்காரணம் பற்றியே. பளிங்கிற்குக் காட்டிய அருள், செருப்பினுள் இருக்கும் காலுக்கும் வேண்டாவோ?

காலடியின் அமைப்பு

ஓர் அடியில் இருபத்தாறு எலும்புகள் உள்ளன. இரண்டடியிலும் ஐம்பத்திரண்டு. உடம்பின் இருநூற்றாறு எலும்புகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இச்சிறிய இடத்தில் அடங்கியிருத்தல் காண்க. இவற்றை முப்பத்துமூன்று மூட்டுகள் இணைக்கின்றன. குதிகால், பெருவிரலடி, சுண்டுவிரலடி என்னும் மூன்றிடங்களில் ஊன்றி, நடுவே வில்போல் வளைந்து, ஒவ்வோரடியிலும் அதிர்ச்சியை ஏற்று விழுங்கும் பாலம் இது. வெறுங்காலுடன் நிற்கையில் உடற்பாரத்தின் பெரும்பங்கைத் திண்ணிய குதிகால் எலும்பே ஏற்கின்றது.

குதியை உயர்த்தினால் நிகழ்வன யாவை? முதலாவதாக, பாரம் முன்னோக்கிச் சரிகின்றது. பருத்த குதிகால் எலும்பு சுமக்க வேண்டியதை, மெலிந்த முன்பாத எலும்புகள் சுமக்கின்றன. செருப்பின் முனை குறுகியதாயின் விரல்கள் ஆப்புப்போல் அதனுள் நெருக்கப்படுகின்றன. பெருவிரல் உள்நோக்கிச் சாய்ந்து, அதன் கணு வெளியே புடைக்கின்றது. முன்பாத எலும்புகட்கு இடையே செல்லும் நரம்பு தடித்து எரிவுண்டாதலும், காலாணி தோன்றுதலும் உண்டு. பெருவிரற் புடைப்புக்குப் பிறப்பு வழியும் ஒரு காரணமே. ஆயினும் குறுகிய செருப்பு அதனை மிகுவிக்கும்.

இரண்டாவதாக, உடம்பு முன்னே வீழ்ந்துவிடாதபடி முழங்காலும் இடுப்பும் தம் நிலையை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. அமெரிக்க மருத்துவர் கெரிகன் என்பாரும் அவர் உடனாய்வாளரும் 1998-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஓராய்வு வெளியிட்டனர். வெறுங்காலுடன் நடப்பதைவிடக் குதியுயர் செருப்புடன் நடக்கையில், முழங்காலின் உட்புறத்தே சராசரி 23 விழுக்காடு மிகுதியான விசை தாக்குகின்றது என்று அவர்கள் அளந்து கண்டனர். குதியை அகலமாக்கினால் இடர் நீங்கும் என்று பலர் எண்ணினர். 2001-இல் அம்மருத்துவரே அகன்ற குதியையும் ஆராய்ந்து, நிலை தடுமாற்றம் குறைந்ததாகத் தோன்றினும் முழங்காற் பாரம் குறையவில்லை என்று காட்டினார். இவ்வாய்வுகள் விசையை அளந்தனவேயன்றி, அணிந்தோர் யாவர்க்கும் மூட்டுவாதம் வந்தே தீரும் என்று முடிவு கூறவில்லை. அச்சுறுத்துவது ஆராய்ச்சியன்று, ஆதலின் இதனையும் உடன் கூறினேன்.

மூன்றாவதாக, கெண்டைத்தசை எப்போதும் சுருங்கிய நிலையிலேயே இருந்து பழகுகின்றது. பல்லாண்டு இச்செருப்பை நாள்தோறும் அணிந்த பெண்டிரை ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த ஆய்வொன்று, அவர்தம் கெண்டைத்தசை நார்கள் நீளம் குறைந்தும், குதிகால் நாண் தடித்து விறைத்தும் இருந்தமையைக் கண்டது. இத்தகையோர்க்குச் செருப்பைக் கழற்றி வெறுந்தரையில் நடப்பதே வலிதருகின்றது. வலியினின்று தப்ப அவர்கள் மீண்டும் அச்செருப்பையே நாடுகின்றனர். நோயே மருந்துபோல் தோன்றும் நிலை இதுவன்றோ? என் தமக்கையாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டினுள் வெறுங்காலுடன் நடக்கையில் முன்விரல்களை ஊன்றியே நடந்தமையின் காரணம், இதனைப் படித்த பின்னரே எனக்கு விளங்கிற்று.

மறுபக்கம்

ஒருபக்கம் மட்டும் உரைத்தல் நடுவுநிலைமையன்று. குதியுயர் செருப்பை விரும்பி அணியும் தோழியொருத்தி எங்கள் வகுப்பில் உண்டு. இக்கட்டுரையின் முதற்படியைப் படித்துவிட்டு அவள் கூறியது இது: "நான் குட்டையாக இருக்கிறேன் என்று பள்ளிநாள் முதல் எல்லாரும் குனிந்துதான் என்னிடம் பேசினார்கள். பேச்சுப் போட்டி மேடையில் ஏறும்போது இந்த மூன்றங்குலம் எனக்கு எவ்வளவு துணிவு தருகிறது தெரியுமா? உன் ஆராய்ச்சியில் அதற்கு அளவுகோல் உண்டா?" உண்மையில் இல்லை. நிமிர்ந்த மார்பு, அளந்த நடை, தன்னைப் பிறர் நோக்கும் நோக்கில் ஒரு மாற்றம் ஆகியவற்றை இச்செருப்பு தருகின்றது என்று அணிவோர் கூறுவதைப் பொய்யென்று தள்ளுதல் இயலாது. உணவுக்கும் உறைக்கும் அப்பால், அழகின்பொருட்டுச் சிறிது வருந்துதல் மக்களின் பழைய இயல்பு. காது குத்தியும், மூக்கு குத்தியும், கோடைவெயிலிற் பட்டுடுத்தும் மணவினைக்குச் செல்லும் நாம், பிறர் செருப்பை மட்டும் பழித்தல் எங்ஙனம் பொருந்தும்?

இதனினும் என்னைத் தடுமாறச் செய்தது வேறொன்று. என் தமக்கையார் அவ்வேலையை விட்டு, வேறோரிடத்தில் அமர்ந்து செய்யும் வேலையைப் பெற்றார். ஓராண்டு கழிந்து அவர்க்குத் திருமணம் உறுதியாயிற்று. மணவுடை வாங்கச் சென்ற அன்று, கடையில் அவர் முதலிற் கேட்டது மூன்றங்குலக் குதியுள்ள வெண்செருப்பு! யான் திகைத்து, "என்ன அக்கா, நீங்களா இதைக் கேட்கிறீர்கள்? வெந்நீர் வாளி மறந்துவிட்டதா?" என்றேன். அவர் நகைத்து, "அன்று போடு என்றார்கள், இன்று நானாகப் போடுகிறேன். வலித்தால் கழற்றிவிடுவேன், யாரும் கேட்க முடியாது" என்றார். அவ்வாறே ஆலயத்தினுள் அச்செருப்புடன் நிமிர்ந்து நடந்தார். விருந்தில் அமர்ந்தவுடன் மேசையின்கீழ் அதனைக் கழற்றித் தள்ளிவிட்டு, வெறுங்காலுடன் மகிழ்ந்திருந்தார்.

அன்று எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. யான் வினவிய வினாவே பிழை. அழகோ நலமோ என்பதன்று வினா. யாருடைய அழகு, யாருடைய கால், யார் முடிவு செய்வது என்பதே வினா.

விதியும் விடுதலையும்

இவ்வினாவை உலகின் பல பகுதிகளிலும் பெண்டிர் எழுப்பியுள்ளனர். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில், இலண்டன் நகரத்து அலுவலகம் ஒன்றில் வரவேற்பாளராகத் தற்காலிக வேலைக்குச் சென்ற நிக்கோலா தார்ப் என்பார், தட்டைச் செருப்பு அணிந்திருந்தமையால் ஊதியமின்றித் திருப்பியனுப்பப்பட்டார். இரண்டு முதல் நான்கு அங்குலக் குதி வேண்டும் என்பது அங்கிருந்த கட்டளை. 2016-இல் அவர் தொடங்கிய விண்ணப்பத்தில் ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 2017-இல் பாராளுமன்றக் குழுக்கள் இதனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. மன்றத்தில் விவாதமும் நிகழ்ந்தது. ஆயினும், முன்னரே உள்ள 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமே போதும் என்று அரசாங்கம் கூறிவிட்டது. அதே 2017-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும், பிலிப்பைன்ஸ் நாடும், குதியுயர் செருப்பை ஊழியர்மேற் கட்டாயப்படுத்தலாகாது என்று விதி செய்தன.

ஜப்பானில் 2019-ஆம் ஆண்டு யூமி இஷிகாவா என்னும் பெண்மணி ஓரியக்கத்தைத் தொடங்கினார். ஜப்பானிய மொழியிற் செருப்பைக் குறிக்கும் சொல் 'குட்சு'. அதன் இறுதி நீண்டால் 'குட்சூ', அதாவது நோவு. குறிலுக்கும் நெடிலுக்கும் இடையே அமைந்த இச்சிலேடையையே இயக்கத்தின் பெயரில் அமைத்தார். செருப்புக்கும் வலிக்கும் ஒரு மாத்திரையே வேற்றுமை என்பதை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. 2020-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் விமானப் பணிப்பெண்டிர்க்கு இக்கட்டாயத்தினின்று விலக்களித்தது.

நம் நாட்டிலோ, குதியினும் பெரிய துன்பம் நெடுநேரம் நிற்றலே. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை தொட்டு இரவு வரை அமராமல் நின்ற பெண்டிரின் கால்களை நம்முள் நோக்கினோர் எத்தனைபேர்? கேரளத்தில் அவர்கள் எழுப்பிய குரலின் பயனாக 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-ஆம் ஆண்டில், கடைகளில் வேலை செய்வோர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று சட்டத் திருத்தம் நிறைவேறிற்று. அயலார்க்குச் செருப்புச் செய்வதிலும் நமக்குப் பங்குண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களினின்று ஐரோப்பாவிற்குத் தோற்செருப்புகள் ஏற்றுமதியாகின்றன; அவற்றைத் தைப்போருட் பலர் பெண்டிர். கடையிற் கண்ணாடிக்குள் ஒளிரும் செருப்பைக் காணும்போது, அதனை அணியும் காலோடு அதனைத் தைத்த கையையும் நினைத்தல் நம் கடன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குதி குதிரை வீரனுக்குப் பயனாகப் பிறந்து, பிரபுவுக்குப் பெருமையாக வளர்ந்து, மகளிர்க்கு அழகாக மாறி, ஊழியர்க்குக் கட்டளையாக முடிந்தமை பெறப்படும். குதியுயர் செருப்பை விரும்பும் தோழியர்க்கு யான் சொல்லக்கூடியன சிலவே. நாள்தோறும் அணியாது, வேண்டும் நாளில் அணிக. இரண்டு அங்குலத்திற்குக் குறைந்த குதியையும், விரல்கட்கு இடந்தரும் முனையையும் தேர்க. மாலையில் கால் சற்றே வீங்கியிருக்கும் வேளையிற் செருப்பு வாங்குக. நெடுவழி செல்லுங்கால் தட்டைச் செருப்பொன்றைப் பையில் வைத்துக்கொள்க. கழற்றிய பின் கெண்டைக்காலை நீட்டி மடக்கித் தளர்த்துக. அலுவலகம் நடத்தப்போகும் நண்பர்க்கு ஒன்றே சொல்வேன்: நீர் நில்லாத குதியின்மேற் பிறரை நிற்கப் பணியாதீர்.

தொடக்கத்தில் அடியும் அணியும் என்றேன். அணியின்றியும் அடி பாட்டாகும். அடி சிதைந்தபின் அணி எத்துணைச் சிறந்ததாயினும் பாட்டாகாது என்பது நம் ஆசிரியர்கள் வகுப்பிற் பலகாற் கூறும் உண்மை. காலடிக்கும் இஃதொக்கும். யாப்பிலக்கணத்தில் 'தளை' என்றோர் உறுப்பும் உண்டு. புலவன் தானே விரும்பிப் பூணும் தளை பாட்டிற்கு ஓசை தருகின்றது. பிறர் பூட்டிய தளையோ விலங்கெனவே பெயர்பெறும். என் தமக்கையாரின் வெண்செருப்பு இன்றும் எம் வீட்டுப் பெட்டியில், தாளிற் பொதிந்து, பத்திரமாக உள்ளது. ஓட்டலுக்கு அணிந்து சென்ற கருஞ்செருப்பை அவர் வேலையை விட்ட அன்றே குப்பையில் எறிந்துவிட்டார். இரண்டற்கும் உயரத்தில் வேற்றுமை அரை அங்குலமே.